கல்லு மாதிரி நிற்கும் லிவரை நம்பாதீர்கள்

கடையில் சைக்கிள் வாங்குகிறவர் பிரேக்கைச் சோதிக்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தியபடியே லிவரை ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். கொஞ்சம் அசைந்து, கல்லில் முட்டியது போல் நின்றுவிட்டால் திருப்தி. மெத்தென்று உள்ளே போனால் முகம் சுளிப்பார். கடைக்காரரும் இதை அறிந்தவர் என்பதால் லிவர் டக்கென்று நிற்கும்படி ஒயரை இழுத்து முடுக்கிக் கொடுத்துவிடுவார். டிஸ்க் பிரேக்குக்கும், நம் கடைகளில் பவர் பிரேக் என்ற பெயரில் விற்கும் வி-பிரேக்குக்கும் இந்தச் சோதனை ஓரளவு சரிப்படும். கான்டிலீவர் பிரேக்குக்கு மட்டும் இது நேர்மாறான பதிலைச் சொல்லும். கான்டிலீவரில் லிவர் எவ்வளவு கெட்டியாக நிற்கிறதோ, பெரும்பாலும் அவ்வளவு பலவீனமாக பிரேக் பிடிக்கும். இந்த ஒரு விஷயம் பிடிபடாததால்தான் நல்ல பிரேக்குகள் பல 'ஒன்றுக்கும் உதவாது' என்ற பட்டத்தோடு கழற்றி எறியப்படுகின்றன. எந்த கம்பெனியின் எந்த மாடல் என்ற கேள்வி இதற்குப் பிறகுதான் வருகிறது.

முதலில் பொருள் எது என்று பார்த்துவிடுவோம். முன் ஃபோர்க்கின் இரண்டு கால்களிலும், பின்னால் சீட்டிலிருந்து இறங்கும் இரண்டு குழாய்களிலும் ரிம்முக்குச் சற்றுக் கீழே தலா ஒரு முளை பற்றவைத்திருக்கும். ஒவ்வொரு முளையிலும் ஒரு கை சுழலும். கையின் நடுவில் பிரேக் கட்டை, நுனியில் ஒரு ஒயர். இரண்டு நுனிகளையும் டயருக்கு மேலாக இணைக்கும் அந்தக் குறுக்கு ஒயரை, நடுவில் யோக் என்ற சின்ன முக்கோணத் துண்டு பிடித்து மேலே தூக்குகிறது. லிவரிலிருந்து வரும் ஒயர் அந்த யோக்கில்தான் முடிகிறது. பிரான்சில் கிளெர்மோன்-ஃபெரான் நகரத்து மாஃபாக் நிறுவனம் இந்த வகையைப் பரவலாக்கியது. டூரிங் வண்டிகள், இருவர் ஓட்டும் டாண்டம், சேற்றில் ஓடும் சைக்ளோகிராஸ் வண்டிகள் எல்லாம் பல பத்தாண்டுகள் இதை நம்பியே ஓடின. 1970களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் மலைச் சைக்கிளை உருவாக்கியவர்களும் இதைத்தான் மாட்டினார்கள். 1996இல் ஷிமானோ வி-பிரேக்கைக் கொண்டுவந்ததும் மலைச் சைக்கிளிலிருந்து இது விரட்டப்பட்டது. 2010இல் உலக சைக்கிள் சம்மேளனமான யூசிஐ சைக்ளோகிராஸ் பந்தயங்களில் டிஸ்க்கை அனுமதித்ததும் கடைசிக் கோட்டையும் விழுந்தது. இருந்தாலும் சர்லி லாங் ஹால் ட்ரக்கர் போன்ற டூரிங் சட்டங்கள், பழைய ஸ்டீல் மலைச் சைக்கிள்கள், செகண்ட் ஹாண்டில் வாங்கிய சைக்ளோகிராஸ் வண்டிகள் என்று முளை வைத்த சட்டங்கள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. அவற்றுக்கு டிஸ்க் மாட்ட இடமே கிடையாது.

இனி கணக்கு. பள்ளிக்கூடத்தில் நெம்புகோல் பாடத்தில் இயந்திர லாபம் என்று படித்தோமே, அதுதான். ஒயரில் ஒரு கிலோ இழுவை கொடுத்தால் இரண்டு கட்டைகளும் சேர்ந்து ரிம்மை எத்தனை கிலோ அழுத்தும் என்பதே கேள்வி. அதைத் தீர்மானிப்பவை நான்கு அளவுகள்: முளையிலிருந்து கட்டை எவ்வளவு உயரம், குறுக்கு ஒயர் மாட்டும் நுனி முளையிலிருந்து எவ்வளவு வெளியே, எவ்வளவு மேலே, அந்த ஒயர் படுகிடையிலிருந்து எத்தனை பாகை சாய்ந்து ஏறுகிறது. சாய்வுக் கோணத்தின் கோடேன்ஜென்டை 'மேலே' என்ற அளவால் பெருக்கி, 'வெளியே' என்ற அளவோடு கூட்டி, கட்டையின் உயரத்தால் வகுத்தால் விடை வந்துவிடும். கட்டை 27 மி.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கை ஒடுங்கி மேல்நோக்கி நிற்கும் ஒல்லி ரக பிரேக்கில் நுனி 25 மி.மீ. வெளியே, 65 மி.மீ. மேலே இருக்கிறது என்போம். குறுக்கு ஒயர் 60 பாகை சாய்வில் ஏறினால் லாபம் 2.3 மடங்கு. யோக்கை இறக்கி 45 பாகைக்குக் கொண்டுவந்தால் 3.3. இன்னும் இறக்கி 30 பாகை ஆக்கினால் 5.1. அதே பிரேக், அதே கட்டை, அதே விரல். யோக் இருக்கும் உயரம் மட்டும்தான் மாறியது, பிடிப்போ இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. வேறு எந்தச் சைக்கிள் பிரேக்கிலும் ஒரே ஒரு நட்டைத் தளர்த்தி இறுக்கி இவ்வளவு வித்தியாசம் காண முடியாது.

ஆனால் இயற்கை எதையும் சும்மா தருவதில்லை. லாபம் எத்தனை மடங்கோ, ஒயரும் அத்தனை மடங்கு நீளம் இழுபட வேண்டும். கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே 1.5 மி.மீ. இடைவெளி என்றால், 2.3 மடங்கு அமைப்பில் மூன்றரை மி.மீ. ஒயர் இழுத்தாலே கட்டை தொட்டுவிடும். 5.1 மடங்கு அமைப்பில் ஏழரை மி.மீ.க்கு மேல் இழுக்க வேண்டும். தொட்ட பிறகும் ரப்பர் அமுங்க, கை சற்றே முறுக, இன்னும் கொஞ்சம் லிவர் உள்ளே போகும். அந்த அமுங்கலைத்தான் விரல் 'மெத்து' என்று உணர்கிறது. குறைந்த லாபத்தில் கட்டை சீக்கிரம் தொடும். அதற்குமேல் அமுக்க விரலுக்குப் பலம் போதாது. எனவே கல்லில் முட்டியது போல் இருக்கும். கெட்டியான லிவரின் ரகசியம் இவ்வளவுதான். கை வலிக்க அமுக்கியும் ரிம்மைப் போதுமான விசை எட்டவில்லை என்பதைத்தான் அந்தக் கெட்டித்தனம் சொல்கிறது.

இதை இன்னொரு பக்கத்திலிருந்தும் நிரூபிக்கலாம். வி-பிரேக்கின் கை நூறு மி.மீ.யைத் தாண்டும் நீளம். அதற்கு நிறைய ஒயர் இழுபட வேண்டும். அதனால் வி-பிரேக் லிவர், கான்டிலீவருக்கான லிவரைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஒயரை இழுக்கும். நம் ஊர்க் கடையில் லிவர் உடைந்துவிட்டது என்று போய் நின்றால் கைக்கு அகப்படுவது பெரும்பாலும் இந்த வி-பிரேக் லிவர்தான். கான்டிலீவர் வண்டியில் அதை மாட்டியதும் லிவர் அற்புதமாகக் கெட்டிப்படும். வண்டிக்காரருக்கு மகிழ்ச்சி. முதல் இறக்கத்தில் பிரேக் பாதிகூடப் பிடிக்கவில்லை என்று தெரியும்போது பழி பிரேக்கின் மேல் விழும். இரண்டு மடங்கு ஒயர் இழுக்கிற லிவர் பாதி விசையைத்தான் தர முடியும் என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வளைந்த ஹேண்டில் பார் வண்டிகளிலும் இதே கண்ணி சிறிய அளவில் உண்டு. டுரா-ஏஸ் 7900 வரிசையிலிருந்து ஷிமானோவின் ரோடு லிவர்கள் முன்னைவிடக் கூடுதலாக ஒயர் இழுப்பவை. பழைய லிவரில் நன்றாகப் பிடித்த அதே பிரேக் புது லிவரில் மந்தமாகத் தோன்றினால், யோக்கை இன்னும் இறக்கச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் மெத்தென்ற லிவரெல்லாம் நல்ல பிரேக்கா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். துருப்பிடித்த ஒயர், முனை நசுங்கிய ஒயர் உறை, உறையின் முனையைத் தாங்கும் வளைகிற தகட்டு ஹாங்கர், தளர்ந்துபோன முளை எல்லாமே லிவரை மெத்தென்று ஆக்கும். ஆனால் பிடிப்பைக் கூட்டாது. எது எது என்று பிரித்தறிய ஒருவரை லிவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணால் பார்க்க வேண்டும். கட்டை ரிம்மைத் தொட்ட பிறகு எங்கே அசைவு தெரிகிறது? கட்டையின் ரப்பர் அமுங்கினால் அது நல்ல மெத்து. உறை நெளிந்து முனைத்தொப்பிக்குள் இறங்கினாலோ, ஹாங்கர் தகடு குனிந்தாலோ, கை முளையில் ஆடினாலோ அது வீணாகும் மெத்து. அங்கேதான் பழுது பார்க்க வேண்டும். உறை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: கியர் ஒயருக்கான உறைக்குள் கம்பிகள் நீளவாக்கில் நேராக ஓடும். அது அமுங்காது என்பதற்காக பிரேக்கில் போட்டுவிடக் கூடாது, பலமாகப் பிடித்தால் வெடித்துப் பிரிந்துவிடும். கடைசியில் தீர்ப்புச் சொல்ல வேண்டியது விரலல்ல, சக்கரம். வண்டியின் பக்கத்தில் நின்று முன் பிரேக்கை இரண்டு விரலால் பிடித்தபடி வண்டியை முன்னே தள்ளிப் பாருங்கள். பின் சக்கரம் சுலபமாகத் தரையை விட்டு எழும்பினால் லிவர் எப்படி இருந்தாலும் பிரேக் நன்றாக இருக்கிறது. முன் சக்கரம் உருண்டுகொண்டே போனால் லிவர் பாறையாக இருந்தும் பயனில்லை.

இந்த அடிப்படையில்தான் எதை வாங்குவது என்று முடிவெடுக்க வேண்டும். சந்தையில் உள்ளவற்றை இரண்டு சாதியாகப் பிரிக்கலாம். ஒன்று, கை மாட்டுக் கொம்பு போலப் பக்கவாட்டில் விரியும் அகல ரகம். டெக்ட்ரோ சிஆர்720, டிஆர்பி யூரோஎக்ஸ், கலிஃபோர்னியாவின் சிக்கோவில் தயாராகும் பால் நியோ-ரெட்ரோ ஆகியவை மாஃபாக்கின் பேரப்பிள்ளைகள். மற்றொன்று, கை ஃபோர்க்கை ஒட்டி நிற்கும் ஒல்லி ரகம்: டெக்ட்ரோ ஓரிக்ஸ், ஷிமானோவின் சிஎக்ஸ் வரிசை, பால் டூரிங் போன்றவை. ஆவிட் ஷார்ட்டி அல்டிமேட்டை இரண்டு விதமாகவும் மாட்டலாம். முன்பு போட்ட கணக்கை அகல ரகத்துக்குப் போட்டுப் பார்ப்போம். நுனி 60 மி.மீ. வெளியே, 30 மி.மீ. மேலே என்று வைத்தால் 60 பாகையில் லாபம் 2.9, 45 பாகையில் 3.3, 30 பாகையில் 4.1. யோக்கை எங்கே வைத்தாலும் மாற்றம் நிதானமாகத்தான் இருக்கிறது. நுனி முளையின் உயரத்திலேயே இருக்கும்படி ஒரு கையைச் செய்தால், யோக்கின் உயரத்துக்கும் பிடிப்புக்கும் சம்பந்தமே இருக்காது. அகல ரகம் மறதிக்காரர்களை மன்னிக்கும். யார் மாட்டினாலும் நடுத்தரமாகப் பிடிக்கும், டயருக்கு மேல் சேற்றுக்கும் மட்கார்டுக்கும் நிறைய இடம் விடும். ஒல்லி ரகம் மன்னிக்காது. மோசமாக மாட்டினால் அகல ரகத்தைவிட மோசம். யோக்கை நன்றாக இறக்கி மாட்டினால் அதைவிடப் பல படி மேல்.

இங்கே கடைகளில் வேதவாக்காகச் சொல்லப்படும் ஒரு விதியையும் கேள்வி கேட்க வேண்டும். குறுக்கு ஒயரும், முளையிலிருந்து நுனிக்குப் போகும் கோடும் 90 பாகையில் சந்திக்க வேண்டும், அதுதான் உச்சபட்ச பிடிப்பு என்பார்கள். பாதி உண்மை. குறுக்கு ஒயரில் இருக்கும் இழுவை கையைச் சுழற்றுவதற்கு 90 பாகைதான் உகந்தது; அதில் தவறில்லை. ஆனால் குறுக்கு ஒயரில் இழுவை எவ்வளவு உண்டாகிறது என்பதே யோக்கின் உயரத்தைப் பொறுத்தது. துணி உலர்த்தும் கொடியை விறைப்பாகக் கட்டி நடுவில் ஒரு ஈரப் போர்வையைப் போட்டுப் பாருங்கள். கொடி எவ்வளவு தட்டையோ முனையில் ஆணி அவ்வளவு சீக்கிரம் பிடுங்கிக்கொண்டு வரும். யோக் இறங்க இறங்க அதே வித்தைதான் நடக்கிறது. 90 பாகையைத் தாண்டிச் சில மி.மீ. இறக்கும்போது சுழற்சித் திறனில் இழப்பதைவிட, கொடி தட்டையாவதால் கிடைப்பது அதிகம். ஷிமானோவின் இணைப்பு ஒயர் யோக்கை ஒரே இடத்தில் நிலைநிறுத்தி இந்தத் தலைவலியையே தீர்த்துவிடுகிறது. 73, 82, 93, 106 மி.மீ. என நீளவாரியாக அது கிடைக்கும். சுலபம், பத்திரம். ஆனால் அதை மாட்டியவர் தொழிற்சாலை தீர்மானித்த கோணத்தோடு வாழ வேண்டியதுதான். பிடிப்பு போதவில்லை என்றால் அடுத்த குட்டை அளவை வாங்கிப் போடலாம், அல்லது பழைய முறையில் தனி யோக்குக்குத் திரும்பலாம்.

சட்டத்தின் அளவும் கேட்க வேண்டிய விஷயம். இப்போது முளைகளுக்கு நடுவே 80 மி.மீ. இருப்பது வழக்கம். பழைய சட்டங்களில் இது குறுகலாக இருக்கும். அவற்றில் ஒல்லி ரகக் கைகள் இயல்புக்கு மாறாக வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கும், கட்டையின் தண்டும் போதிய நீளத்துக்கு உள்ளே நுழையாது. அந்த வண்டிகளுக்கு அகல ரகமே சரி. பின்னால் அகல ரகம் மாட்டினால் இன்னொரு தொல்லை. குள்ளமான சட்டத்தில் பெடல் மிதிக்கும் குதிகால் கொம்பில் இடிக்கும், கேரியரில் பக்கப் பை தொங்கவிட்டால் அதுவும் உரசும். முன்னால் அகல ரகமும் பின்னால் ஒல்லி ரகமும் மாட்டுவது இதற்கான பழைய தீர்வு. பால் நிறுவனமே அப்படித்தான் சிபாரிசு செய்கிறது. பிரேக் விசையில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான் என்பதால் இதில் நட்டம் எதுவும் இல்லை. விலையைப் பற்றி ஒரே வரி: டெக்ட்ரோவுக்கும் பாலுக்கும் இடையே இருக்கும் பெரிய விலை வித்தியாசம் வாங்கித் தருவது நேர்த்தியான வேலைப்பாட்டையும் சுலபமாகச் சரிசெய்யும் வசதியையும்தான், அதிகப் பிடிப்பை அல்ல. அந்தப் பணத்தில் ஒரு பங்கை நல்ல கட்டைக்குச் செலவழித்தால் சாலையில் உடனே தெரியும். மழையில் கூல்-ஸ்டாப்பின் செங்கல் நிறக் கட்டைகள் பெற்றிருக்கும் நல்ல பெயர் சும்மா வந்ததல்ல. ரிம் அலுமினியமாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். குரோமியம் பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது.

மாட்டும் வேலையில் நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் கட்டைதான். அதற்கு முன் முளையைத் துடைத்து, நுனி பிதுங்கியிருக்கிறதா என்று பார்த்து, மெல்லிய கிரீஸ் தடவ வேண்டும். முளையில் மூன்று ஓட்டை இருந்தால் ஸ்பிரிங் நுனி இரண்டு பக்கமும் நடு ஓட்டையில் போகட்டும். பிறகு கட்டை. கான்டிலீவரின் முளை ரிம்முக்குக் கீழே, வெளிப்பக்கமாக இருப்பதால் கட்டை நேராக உள்ளே வராது. வளைந்து இறங்கியபடி வரும். கட்டை தேயத் தேய அது ரிம்மின் கீழ்விளிம்பை நோக்கி இறங்கிக்கொண்டே போய், கவனிக்காவிட்டால் ஒருநாள் ரிம்மைத் தாண்டி ஸ்போக்ஸ் கம்பிகளுக்குள் நழுவிவிடும். எனவே புதுக் கட்டையை ரிம்மின் மேல்பாதியில், டயரைத் தொடாமல் ஒன்றிரண்டு மி.மீ. விட்டு நிறுத்துவது நல்லது. அடுத்து, சக்கரம் சுழலும் திசையில் கட்டையின் முன்முனை முதலில் தொட வேண்டும். கட்டையின் பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டை மடித்துச் செருகி, லிவரை லேசாகப் பிடித்தபடி போல்ட்டை இறுக்கினால் ஒரு மி.மீ. அளவுக்குச் சாய்வு வந்துவிடும். கிறீச்சென்ற ஓலம் பெரும்பாலும் இதிலேயே அடங்கும். கட்டை போல்ட்டை இறுக்கும்போது அலன் கீயோடு சேர்ந்து கட்டையும் சுழலப் பார்க்கும்; இன்னொரு கையால் கட்டையைப் பிடித்துக்கொள்ளாமல் இறுக்கினால் மூன்று தடவை மாட்டிக் கழற்ற நேரும். தண்டு நீளமாக உள்ள பழைய வகைக் கட்டையில் இன்னொரு நன்மை: தண்டை உள்ளே வெளியே நகர்த்தி, கட்டை ரிம்மைத் தொடும்போது கை எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். மரை போட்ட தண்டும் குழி-குமிழ் வாஷரும் உள்ள புது வகையில் அந்தச் சுதந்திரம் குறைவு. சரிசெய்வதோ மிகச் சுலபம்.

இதன் பிறகு யோக். டயருக்கு மேல், மட்கார்டு இருந்தால் அதற்கு மேல், இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி வரை தைரியமாக இறக்கலாம். இறக்கியதும் லிவர் ஹேண்டில் பாரைத் தொட்டுவிடுகிறது என்றால் யோக்கை உடனே ஏற்றிவிடாதீர்கள். முதலில் கட்டையின் இடைவெளியைக் குறையுங்கள். அதற்குச் சக்கரம் நேராக ஓட வேண்டும். ரிம் இடமும் வலமுமாக இரண்டு மி.மீ. ஆடினால் எந்தக் கட்டையையும் ஒரு மி.மீ.க்கு நெருக்க முடியாது. கான்டிலீவர் சரியில்லை என்று கடைக்கு வரும் வண்டிகளில் பலவற்றுக்குத் தேவைப்படுவது பிரேக் வேலையே அல்ல, சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பதுதான். இரண்டு கட்டையும் ஒரே நேரத்தில் தொடவில்லை என்றால் ஸ்பிரிங்கின் இழுவையைச் சரிசெய்ய வேண்டும். சில மாடல்களில் அதற்கென ஒரு பக்கம் சின்ன ஸ்க்ரூ இருக்கும், சிலவற்றில் கையின் பின்னுள்ள நட்டை மெல்லிய ஸ்பேனரால் திருப்பிப் பிடித்தபடி போல்ட்டை இறுக்க வேண்டும். கடைசியாக லிவரைப் பலங்கொண்ட மட்டும் பத்துத் தடவை அமுக்குங்கள். ஒயர் நழுவுவதாக இருந்தால் இப்போதே நழுவட்டும், இறக்கத்தில் நழுவ வேண்டாம்.

கான்டிலீவரின் உண்மையான குற்றங்கள் என்று இரண்டைச் சொல்லலாம். முன் பிரேக்கில் லிவர் ஒயர் அறுந்துவிட்டால் குறுக்கு ஒயர் டயரின் மேல் விழும். முரட்டுப் பல்லுள்ள டயராக இருந்தால் அதைக் கவ்விக்கொண்டு சக்கரத்தைச் சட்டென்று பூட்டிவிடும், ஓட்டுகிறவர் ஹேண்டில் பாருக்கு மேலாகப் பறப்பார். ஃபோர்க்கின் தலையில் ரிஃப்ளெக்டர் தகடோ மட்கார்டோ இருந்தால் விழும் ஒயரை அது தாங்கிக்கொள்ளும். அழகுக்காக அந்தத் தகட்டைக் கழற்றுகிறவர்கள் எதைக் கழற்றுகிறோம் என்று தெரிந்து கழற்றட்டும். இரண்டாவது குற்றம் நடுக்கம். ஒயர் ஹாங்கர் ஹேண்டிலுக்குக் கீழே ஹெட்செட்டில் இருக்கிறது, பிரேக்கோ ஃபோர்க்கின் காலில். பிரேக் பிடித்ததும் ஃபோர்க் பின்னால் வளைய, இரண்டுக்கும் நடுவேயுள்ள ஒயர் தானாகவே இறுகி இன்னும் பலமாகப் பிடிக்கும். ஃபோர்க் மேலும் வளையும், கட்டை வழுக்கும், ஃபோர்க் விடுபட்டுத் திரும்பும், மறுபடி பிடிக்கும். வண்டி முழுவதும் தடதடவென்று அதிரும். கட்டையைச் சாய்த்து வைப்பது சில வண்டிகளில் இதைத் தீர்க்கும். தீராத வண்டிகளில் ஃபோர்க்கின் தலையிலேயே மாட்டும் ஹாங்கர் ஒன்றே நிரந்தர மருந்து. அதில் ஒயரின் முனையும் ஃபோர்க்கோடு சேர்ந்தே நகர்வதால் இறுகுவதற்கு வழியில்லை.

இவ்வளவு பாடு எதற்கு, அதே முளையில் வி-பிரேக்கை மாட்டிவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நேர் ஹேண்டில் பார் வண்டி என்றால் வி-பிரேக்கையும் அதற்கான லிவரையும் மாட்டிவிடுங்கள், அரைமணி வேலை, பிடிப்பும் அருமை. வளைந்த ஹேண்டில் பாரில்தான் சிக்கல். ரோடு லிவர் இழுக்கும் ஒயர் முழு வி-பிரேக்குக்குப் பற்றாது. கை குட்டையான மினி வி-பிரேக் ஒத்துவரும், ஆனால் அதன் ஒயர் டயரின் தலையை உரசுகிற மாதிரி ஓடும்; தடித்த டயரும் மட்கார்டும் ஒன்றாக நுழையாது. டிஸ்க் பற்றிய வாதத்தையும் மறுக்க முடியாது. மழையில் டிஸ்க் மேல். இறக்கத்தில் டிஸ்க் ரிம்மைத் தின்னாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முப்பது கிலோ மூட்டையோடு அடிக்கடி இறங்குகிறவர், சூடேறும் ரிம்மை நம்புவதைவிட டிஸ்க் சட்டத்துக்கு மாறுவதே விவேகம். ஆனால் கையில் இருக்கும் நல்ல ஸ்டீல் சட்டத்தை, அதன் பிரேக் மந்தம் என்ற ஒரே காரணத்துக்காக விற்கத் துணிகிறவர், அதற்கு முன் ஒயரைத் தளர்த்தி யோக்கை இரண்டு விரல் இறக்கிப் பார்த்திருக்க வேண்டும். 

வளைந்த ஹேண்டில் பார், தடித்த டயர், மட்கார்டு மூன்றும் உள்ள வண்டிக்கு என் தேர்வு முன்னால் அகல ரக டெக்ட்ரோ சிஆர்720, பின்னால் ஓரிக்ஸ், நான்கு செங்கல் நிறக் கட்டை, ஃபோர்க் தலையில் ஒரு ஹாங்கர். கடைக்குப் போகும்போது லிவரைக் கெட்டியாக வைத்துத் தரச் சொல்லாதீர்கள். பின் சக்கரம் எழும்புகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.